பஸ்ராவுக்குப் போன நூற்று அறுபது பீங்கான்கள்

அந்த அமெரிக்கர் கதவைத் திறந்து உள்ளே பார்த்தார், கதவுக்குப் பின்னாலும் எட்டிப் பார்த்தார். ஆறரை அடி உயரம், மழித்த தலை, பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற பின்னும் போகாத பட்டாள நடை. அபுதாபியின் முசஃபாவில் எங்கள் போர்ட்டா கேபின் தொழிற்சாலையின் முற்றத்தில், காலை பத்து மணி வெயிலில், மணல் நிறப் பெயின்ட் அடித்த இருபது கழிப்பறை கேபின்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. அவர் திறந்தது முதல் கேபினின் முதல் கதவு. கடைசியில் எங்கள் மேனேஜர் பக்கம் திரும்பி, மரியாதையாகவே கேட்டார்: “மீதிப் பாகமெல்லாம் எப்போது வரும்?”

மீதிப் பாகம் என்று எதுவும் இல்லை. உள்ளே இருந்தது முழுமையான கழிப்பறைதான். நாம் குத்தவைத்து உட்காரும் பீங்கான், இரண்டு பக்கமும் பாதம் வைக்க வரிவரியாகத் தடம், சுவரில் ஷத்தாஃப் என்று அரபியில் சொல்லும் கைப்பீச்சி. ஒரு குறையும் இல்லை, இதில் உட்காரப்போவது அமெரிக்கப் பட்டாளம் என்பதைத் தவிர. பின்னால் நின்றவர்களில் நடந்த தவறு என்னவென்று இரண்டே பேருக்கு உடனே புரிந்தது. ஒருவர் ஃபோர்மேன் அண்ணாச்சி. இன்னொருவன் அந்தக் கேபின்களுக்குப் படம் வரைந்த நான்.

2003ஆம் ஆண்டின் தொடக்கம் அது. ஈராக் போர் இன்னும் தொடங்கவில்லை, ஆனால் தொடங்கிவிட்டது. இதை எப்படிச் சொல்வது என்று இத்தனை வருடம் கழித்தும் எனக்குத் தெரியவில்லை. தொலைக்காட்சியில் தலைவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருந்தார்கள். முசஃபாவில் மணல் நிறப் பெயின்ட் கிடைக்கவில்லை. கீழக்கரைக்காரர் ஒருவரின் ஹார்டுவேர் கடைக்கு ஆள் அனுப்பினால், “அந்தக் கலர் மட்டும் கேக்காதீங்க வாப்பா, மத்த எல்லாம் இருக்கு” என்று பதில் வந்தது. வெல்டிங் ராடு கிடைக்கவில்லை. டிரெய்லர் லாரி கிடைக்கவில்லை. பட்டாணியர் ஓட்டும் லாரிகளெல்லாம் வடக்கே போய்க்கொண்டிருந்தன. பக்கத்துத் தெருவில் பந்தலுக்குத் துணி தைக்கும் கடையில் பத்து மெஷின்கள் நாள் முழுக்க மணல் மூட்டைக்குப் பை தைத்தன. போர் என்றால் துப்பாக்கி, பீரங்கி, விமானம் என்றுதான் நான் பள்ளியில் படித்திருந்தேன். முசஃபாவில் இருந்து பார்த்தால் அது வேறுமாதிரி இருந்தது. ஒன்றரை லட்சம் பேர் பாலைவனத்தில் வந்து இறங்கினால், முதல் நாள் காலையில் அவர்களுக்குத் தேவைப்படுவது எதிரி அல்ல.

எங்கள் பங்குக்கு நாற்பது கேபின்கள். ஒவ்வொன்றிலும் எட்டு அறை. யாருக்கு என்று சொல்லக்கூடாது என்பது ஒப்பந்தம். மலையாளியான எங்கள் மேனேஜர் எல்லோரையும் கூட்டி வைத்து, “இது ஒரு ஸ்கூலுக்கு. பாலைவன ஸ்கூல். மனசிலாயோ?” என்றார். மனசிலாயிற்று என்று தலையாட்டினோம். வெளியே வந்ததும் டீக்கடைக்காரர் என்னிடம், “பட்டாளத்து ஆர்டராமே, உங்களுக்கு ஓவர்டைம் உண்டுதானே?” என்று விசாரித்தார். ஃபோர்மேன் அண்ணாச்சி மட்டும் அந்த ரகசியத்தை மதித்தார். பட்டாளம் என்று யாராவது சொன்னால், “ஏ, ஸ்கூலுன்னு சொல்லும் வே. மேனேஜரு பாவம், கஷ்டப்பட்டு யோசிச்சிருக்காரு” என்பார்.

அண்ணாச்சி தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். அப்போது ஐம்பத்து மூன்று வயது, வளைகுடாவில் இருபத்தோராவது வருடம். குட்டையான உருவம். காக்கி ஓவராலின் மேல் பையில் ஒரு டேப்பும், கீழ்ப் பையில் சர்க்கரை வியாதிக்கான மாத்திரையும், மற்றொரு பையில் சர்க்கரை மிட்டாயும் வைத்திருப்பார். ஒன்று ஏறினால் ஒன்று, ஒன்று இறங்கினால் இன்னொன்று என்று விளக்கம். அவர் கையால் செய்த கேபினில் தண்ணீர் ஒழுகி நான் பார்த்ததில்லை.

அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. இந்த நாடுகளில் கழிப்பறைப் பீங்கான் தொழும் திசையான கிப்லாவைப் பார்த்தும் இருக்கக்கூடாது, அதற்கு முதுகு காட்டியும் இருக்கக்கூடாது. கட்டடம் என்றால் ஒருமுறை பார்த்து வைத்தால் போதும். கேபினோ லாரியில் போகிற சாமான். எங்கே எப்படி இறக்குவார்களோ? அதனால் அண்ணாச்சி ஒவ்வொரு கேபினின் வெளிச்சுவரிலும் பச்சைப் பெயின்டில் ஓர் அம்புக்குறி போட்டுவிடுவார். இந்த அம்பு கிப்லாவைக் காட்டுமாறு கேபினை வைத்தால் உள்ளே பீங்கான்கள் பக்கவாட்டில் இருக்கும். யாரும் அவரைக் கேட்டதில்லை. அவர் சாமி வேறு. “கும்பிடுறவன் மனசு நோகக் கூடாதுல்லா” என்பார்.

தவறு நடந்த நாளை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அன்று காலை என் மகளுக்கு கேஜி அட்மிஷன் நேர்காணல். நான்கு வயதுக் குழந்தைக்கும் அவளுடைய பெற்றோருக்கும் சேர்த்து. என் மனைவி ஒரு வாரமாக அவளுக்குப் பழங்களின் பெயர்களை ஆங்கிலத்தில் சொல்லிக் கொடுத்திருந்தாள். அங்கே டீச்சர் ஆப்பிள் படத்தைக் காட்டி இது என்ன என்றார். என் மகள் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “ஸ்டிக்கர்” என்றாள். அவள் சொன்னது சரிதான், அது ஸ்டிக்கர்தான். டீச்சர் ஏதோ குறித்துக்கொண்டார். அங்கிருந்து டாக்ஸியில் தொழிற்சாலைக்கு வந்தால், மேனேஜர் என் மேசையருகே நின்றுகொண்டிருந்தார். மதியத்துக்குள் படம் வேண்டும். என் கை தானாகவே கம்ப்யூட்டரில் பழைய லேபர் கேம்ப் படத்தைத் திறந்தது. பெயரை மாற்றினேன், தேதியை மாற்றினேன், பெயின்ட் நிறத்தை மாற்றினேன். பீங்கானை மாற்றவில்லை. மூலையில் கையெழுத்துப் போட்டேன்.

அண்ணாச்சி படத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். “ஏன் வே, இந்த ஸ்கூலு பிள்ளையளு குத்தவச்சுதான் உக்காருமா?” அவர் நக்கல் செய்கிறார் என்று நினைத்தேன். மகளின் அட்மிஷன் கிடைக்குமா கிடைக்காதா என்ற யோசனையில், “படத்துல இருக்கறபடி செய்ங்க அண்ணாச்சி” என்றேன். அவர் செய்தார். படத்தில் இருப்பதைவிட நன்றாகவே செய்தார். முதல் இருபது கேபின்கள், நூற்று அறுபது பீங்கான்கள், அவசரம் என்று சோதனைகூட இல்லாமல் வடக்கே போய்விட்டன. இரண்டாவது இருபதைப் பார்க்கத்தான், ஆர்டர் கொடுத்தவர்கள் சார்பில், அந்த அமெரிக்கர் வந்தது.

“மீதி வந்துகொண்டிருக்கிறது” என்று மேனேஜர் சொல்லிவிட்டார். வேறு என்ன சொல்வார்? அண்ணாச்சிக்கு அது பொறுக்கவில்லை. தம் வேலையைப் பாதி வேலை என்று ஒருவர் சொல்வதை அவரால் ஏற்க முடியவில்லை. முன்னால் வந்து, ஓவராலோடு மேடையில் ஏறி, பீங்கானில் கம்பீரமாகக் குத்தவைத்து உட்கார்ந்து காட்டினார். “ஸார், நோ டச்சிங். நோ டிசீஸ். பெயின் மாஃபி.” மாஃபி என்றால் அரபியில் ‘இல்லை’. அமெரிக்கர் நல்ல மனிதர். எதையும் முயன்று பார்க்கிறவர். அண்ணாச்சி இறங்கியதும் தாமே ஏறினார். அந்த வகைப் பீங்கானுக்கு அடியில் குழாய் போக அரையடி மேடை உண்டு. அவர் தலை கூரையில் இடித்தது. குனிந்தார். மெல்ல இறங்கினார். இரண்டு முழங்கால்களும் விறகு முறிவதுபோல் சத்தமிட்டன. உட்கார்ந்துவிட்டார். பிறகு எழ முடியவில்லை. ஒரு கையை அண்ணாச்சியும் மறு கையை ஒரு பிளம்பரும் பிடித்து, “யல்லா… யல்லா…” என்று மூன்று முறை தம் கட்டித் தூக்கியபின்தான் வெளியே வந்தார்.

வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “என் பையன்கள் உடம்பில் முப்பது கிலோ சாமானோடு திரிகிறவர்கள். அவர்கள் எப்படி எழுவார்கள்?” என்று கேட்டார். மேனேஜர் மொழிபெயர்த்தார். அண்ணாச்சி யோசித்து, “பிடிச்சிக்கிட்டு எந்திரிக்க ஒரு கம்பி வச்சிக் குடுத்திருவோம்” என்றார். மேனேஜர் அதை மொழிபெயர்க்கவில்லை. போகும்போது அமெரிக்கர் பச்சை அம்பைக் காட்டி அது என்ன என்றார். காற்றடிக்கும் திசை என்று மேனேஜர் சொன்னார். அவர் அதை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார்.

அடுத்த நாள் உத்தரவு வந்தது. இங்கிருக்கும் இருபதை இங்கேயே மாற்ற வேண்டும். அங்கே போன இருபது திரும்பி வராது. ஆறு பிளம்பர்களும், தவறுக்குப் பொறுப்பானவர் ஒருவரும் அங்கே போய், நூற்று அறுபது பீங்கான்களையும் பெயர்த்து வெஸ்டர்ன் வைத்து, கையெழுத்திட்டுத் தர வேண்டும். குவைத் பாலைவனத்தில் தொடங்கி, கேபின்கள் எங்கே போகின்றனவோ அங்கே. மேனேஜர் படத்தின் மூலையை மட்டும் பார்த்தார். என் பெயர் இருந்தது.

ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், பாஸ்போர்ட், ரத்தப் பிரிவு. கடைசியில் ஒரு கட்டம்: ஏதேனும் நேர்ந்தால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும்? அந்த ‘ஏதேனும்’ என்ற சொல்லைப் பார்த்தபடி நான் ஒரு பகல் முழுதும் உட்கார்ந்திருந்தேன். வீட்டில் சொன்னபோது என் மனைவி அழவில்லை. “நாட்டுக்காகச் சண்டைக்குப் போனவங்களக் கேள்விப்பட்டிருக்கேன்ங்க. கக்கூஸுக்காகப் போறது நீங்க ஒருத்தர்தான்” என்றாள். சொல்லிவிட்டுப் பிறகு அழுதாள். போக மாட்டேன் என்றால் வேலை போகும். வேலை போனால் விசா போகும், எங்கள் மூவரின் விசாவும். மகளுக்கு அட்மிஷன் கிடைத்துவிட்ட கடிதம் அந்த வாரம்தான் வந்திருந்தது. அவள் புது யூனிபாரத்தைப் போட்டுக்கொண்டு கழற்றமாட்டேன் என்று அறைக்குள் நடந்துகொண்டிருந்தாள்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில், அலுவலகத்தில் யாரும் இல்லாதபோது, அண்ணாச்சி வந்து என் மேசையில் உட்கார்ந்தார்.

“நம்ம ஊர்ல எங்க வீட்டுக்கு என்ன பேரு தெரியுமா வே?”

“தெரியாது அண்ணாச்சி.”

“பஸ்ரா வீடு. தபால்காரரு முதக்கொண்டு அப்படித்தான் சொல்லுவாரு. எங்க பாட்டனாரு வெள்ளக்காரன் சண்டைக்குப் பஸ்ரா போயி கப்பல்ல மூட்ட எறக்கினவரு. யாரு கூட சண்ட, எதுக்கு சண்டன்னு கடசி வரைக்கும் அவருக்குத் தெரியாது. பஸ்ரா எங்க இருக்குன்னு எங்க வீட்ல ஒருத்தனுக்கும் தெரியாது. குவைத்தத் தாண்டுனா ஈராக்குல மொத ஊரு அதுதானாம். நான் ஒரு எட்டு பாத்துட்டு வாரேன்.”

எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். படம் சரியாக இருந்து, வொர்க்‌ஷாப்பில் பழக்க தோஷத்தில் தவறாகச் செய்துவிட்டால், பொறுப்பு யாருடையது? ஃபோர்மேனுடையது. “அதனால நீரு இப்ப ஒரு சரியான படம் வரையும். பழைய தேதியப் போடும். வொர்க்‌ஷாப்புல தொங்குத படத்த எடுத்துட்டு இத மாட்டிருதேன். கிரீஸத் தடவுனா அது பழசாயிரும்.”

“உங்களுக்கும் மூணு பொண்ணு இருக்கே அண்ணாச்சி.”

“இருக்கு. மூத்ததக் கட்டிக் குடுத்தாச்சி. உம்ம பிள்ள இப்பத்தான யூனிபாரம் போட்டிருக்கு.”

இந்த இடத்தில் நான் மறுத்தேன், வாதாடினேன், அவர் காலில் விழுந்தேன் என்றெல்லாம் எழுதினால் படிக்க நன்றாக இருக்கும். நான் இருபது நிமிடத்தில் வரைந்து முடித்தேன். என் வாழ்நாளில் அவ்வளவு சுத்தமாக நான் வரைந்ததில்லை. அலுவலகக் கோப்பில் ஒன்று, வொர்க்‌ஷாப் சுவருக்கு ஒன்று. அண்ணாச்சி வாங்கிப் பார்த்து, “இத மொதல்லயே வரைஞ்சிருக்கலாம்லா” என்று மட்டும் சொன்னார். மேனேஜரின் முன்னால் அவர் தலையைக் குனிந்துகொண்டு, “படத்தப் பாக்கல சார். கை பழக்கம்” என்றபோது, நான் கோப்பைத் திறந்து சரியான படத்தைக் காட்டினேன். மேனேஜர் அவரைத் திட்டினார். நான் பக்கத்தில் நின்றேன்.

அவர் போனபிறகுதான் அலுவலகத்தில் அவர் படிவத்தின் நகலைப் பார்த்தேன். கடைசிக் கட்டத்தில் என் பெயர் இருந்தது. உறவு: தம்பி. என் மொபைல் எண். வீட்டில் பெண்கள் பயப்படுவார்கள் என்று இப்படிச் செய்திருந்தார். அதன்பிறகு நாற்பத்தொரு நாட்கள். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் எண்ணை இரண்டுமுறை படித்த பிறகுதான் எடுப்பேன். ஒருமுறை ஆங்கிலத்தில் ஒரு கனத்த குரல் என் முழுப்பெயரைச் சொல்லி, நான்தானா என்று கேட்டது. ஆம் என்றேன். “வாழ்த்துகள் சார், உங்களுக்கு ஒரு கிரெடிட் கார்டு தேர்வாகியிருக்கிறது” என்றது. நான் அந்த மனிதருக்கு அழுதுகொண்டே நன்றி சொன்னேன். அவர் குழம்பிப்போய், பெரிய கார்டு எதுவும் இல்லை, சாதாரணக் கார்டுதான் என்றார்.

அண்ணாச்சி ஒரே ஒருமுறை கூப்பிட்டார். போர் தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. யாரோ ஒரு சிப்பாயின் போன்.

“எப்படி இருக்கீங்க அண்ணாச்சி?”

“எனக்கென்ன வே, ராசா மாதிரி இருக்கேன். காலம்பற எந்திரிச்சா ஒரு பட்டாளமே என் முன்னால வரிசையில நிக்கி. அதிகாரி, சிப்பாயி வித்தியாசமே கெடையாது. நான் கதவத் தொறந்தாத்தான் அவனுவளுக்குச் சண்டையே.”

“ஆபத்து ஒண்ணும் இல்லையே?”

“என்ன ஆபத்து? நேத்து ஒரு சங்கு ஊதிட்டான். விஷக் காத்துன்னு எல்லாரும் மூஞ்சில ஒரு பையை மாட்டிக்கிட்டு குழிக்குள்ள ஓடிட்டான். எங்களுக்குப் பை குடுக்கல. பட்டாளத்துக்கு மட்டுந்தானாம். நான் பாதி பீங்கான மாட்டிக்கிட்டு இருந்தேன்.”

“என்ன பண்ணீங்க?”

“என்னத்த பண்ண? கதவச் சாத்தித் தாப்பா போட்டுட்டு, புதுசா மாட்டுன கமோடுல உக்காந்துட்டேன். ஒண்ணும் வரல. காத்தும் வரல, ஒண்ணும் வரல.” சிரித்தார். நானும் சிரித்தேன். அதன்பின் இருபதுக்கு மேற்பட்ட வருடங்களில் நான் அந்தக் கதவை எத்தனை முறை என் மனதுக்குள் திறந்து பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. மணல் நிறக் கேபின், எட்டு அறைகளில் ஒன்று, தாழ்ப்பாள் போட்ட பிளைவுட் கதவு. அதற்குள் பாதுகாப்பு முகமூடி இல்லாமல், சட்டைப் பையில் மாத்திரையும் மிட்டாயுமாக ஒரு மனிதர். அங்கே உட்கார்ந்திருக்க வேண்டியவன் நான்.

நாற்பத்திரண்டாம் நாள் அவர் வந்து சேர்ந்தார். கொஞ்சம் கறுத்திருந்தார், அவ்வளவுதான். பஸ்ரா எப்படி என்று கேட்டோம். “நம்ம தூத்துக்குடி மாதிரிதான். ஆனா எல்லாம் ஒடஞ்சி கெடக்கு” என்றார். பாட்டனார் மூட்டை இறக்கிய துறைமுகத்தைப் பார்த்தாரா என்றேன். பார்க்கவில்லையாம். விடமாட்டோம் என்றார்களாம். அந்த ஒரு விஷயத்தைச் சொல்லும்போது மட்டும் அவர் நகைச்சுவையாக ஒன்றும் சேர்க்கவில்லை. அடுத்த மாதம் இன்னும் பெரிய ஆர்டர் வந்தது. தொழிற்சாலையில் இரண்டு ஷிப்டு, எல்லோருக்கும் ஓவர்டைம். என் மகள் கேஜியிலிருந்து ஒன்றாம் வகுப்புக்குப் போனாள். நாங்கள் யாரும் யாரையும் சுடவில்லை. முசஃபா முழுவதும், கீழக்கரைக்காரரும் பந்தல் தையற்காரரும் நானும், அந்தப் போரில் நன்றாகவே சாப்பிட்டோம்.

2008இல் அண்ணாச்சியின் இரண்டாவது மகளுக்குக் கல்யாணம். குடும்பத்தோடு போயிருந்தோம். பந்தியில் ஆட்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு, அந்தக் கதையைச் சொல்லுங்கள் என்றார்கள். ஊரில் அது பிரபலமான கதை என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் தோளில் துண்டைப் போட்டபடி, அமெரிக்கர் எப்படி உட்கார்ந்தார், எப்படி எழவில்லை என்று நடித்தே காட்டினார். சாம்பார் வாளியோடு வந்தவர் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். கடைசியில் அண்ணாச்சி என்னைக் கைகாட்டி, “இந்தா இருக்காருல்லா, இவருதான் படம் போட்டவரு. இவரு சரியாத்தான் போட்டாரு. நான்தான் படத்தையே பாக்காம, மாட்ட மேய விட்ட மாதிரி கைய விட்டுட்டேன். அமெரிக்கப் பட்டாளத்தையே குத்தவைக்கப் பாத்த முட்டாப்பய நாந்தான்!” என்றார். பந்தல் அதிர்ந்தது. என் மகளுக்கு அப்போது ஒன்பது வயது. சாதத்தில் கை வைத்தபடி விழுந்து விழுந்து சிரித்தவள், என் பக்கம் திரும்பி, “அப்பா, டிராயிங் போட்டது நீங்கதானே? ராங்கா பண்றாருன்னு நீங்க ஏன் அங்கிள்கிட்ட சொல்லல?” என்றாள். பந்தி முழுவதும் என்னைப் பார்த்தது. அண்ணாச்சியும் பார்த்தார். என் வாயில் சோறு இருந்தது. “அப்பா அப்போ ஆபீஸ்ல இருந்தேன்மா” என்றேன். அண்ணாச்சி உடனே பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு, “ஏய், இவருக்கு இன்னும் கொஞ்சம் பாயசம் விடு” என்றார்.

என் மகள் இப்போது வேறொரு நாட்டில், ஒரு பெரிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். அவர்கள் செய்வது ஏதோ ஒரு சின்னப் பாகம். அது எங்கே போய்ப் பொருந்துகிறது என்று அவளுக்கும் சொல்வதில்லையாம். தினமும் போன் செய்து சாப்பிட்டாயா என்று கேட்கிறேன், கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் படித்துப் பார் என்கிறேன். “அப்பா, ரிலாக்ஸ்” என்கிறாள். போன மாதம் வந்திருந்தபோது தோழிகளிடம் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்தாள். அண்ணாச்சி சொன்னபடியே சொன்னாள், ஒரு வார்த்தை மாறாமல்: படம் சரியாக இருந்தது, ஃபோர்மேன்தான் பார்க்கவில்லை.

அவர் பார்த்தாரம்மா. பார்த்துவிட்டு என்னிடம் வந்து கேட்டார். படம் தவறு. வரைந்தது நான்.